ஸ்டாப் மோஷன் பொம்மை செய்யப் புகும் இளம் கலைஞருக்கு

ஸ்டாப் மோஷன் படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி எடுத்தாலும், ஒரு நொடிக் காட்சிக்குப் பன்னிரண்டு முறை பொம்மையைத் தொட்டு வளைக்க வேண்டும். அத்தனை தொடுதலையும் தாங்குவதுதான் பொம்மையின் முதல் வேலை. புதியவர்கள் பெரும்பாலும் முகத்திலேயே மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். படப்பிடிப்பில் பொம்மை குப்புற விழும்போதுதான் பாதத்தின் நினைவு வருகிறது.

நடக்கும் பொம்மை பாதி நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறது. அதனால் உள்ளங்காலில் ஒரு நட்டைப் பதித்து, மேசையில் துளையிட்டு, அடியிலிருந்து திருகாணியால் முடுக்குவது வழக்கம். எடை குறைந்த பொம்மைக்கு இரும்புத் தகட்டின் அடியில் வைக்கும் காந்தமே போதும்.

எலும்புக்கூட்டுக்கு மென்மையான அலுமினியக் கம்பி ஏற்றது. விறைப்பான எஃகுக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் துள்ளித் திரும்பும். இரண்டு மூன்று இழைகளை ட்ரில்லிங் மெஷினில் மாட்டி முறுக்கி, மூட்டுக்கு மூட்டு இடைப்பட்ட பகுதியை எம்-சீல் போன்ற எபாக்சி மக்கால் பூசினால் எலும்பு தயார். மக்கு முடிந்து கம்பி வெளிவரும் விளிம்பில்தான் பெரும்பாலும் முறியும். ஆகவே மூட்டில் விடும் வெற்றுக் கம்பி மிகக் குட்டையாக இருக்கக் கூடாது. எப்படியும் கம்பி ஒருநாள் ஒடியத்தான் போகிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சதுரப் பித்தளைக் குழாய்களால் கைகால்களை உடலோடு இணைத்தால், ஒடிந்ததை மட்டும் கழற்றி மாற்றலாம். பந்துமூட்டு எலும்புக்கூடு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதற்கு நுணுக்கமான உலோக வேலை தெரிய வேண்டும். புகழ்பெற்ற ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹௌசனுக்கே அவற்றைச் செய்து கொடுத்தவர் இயந்திரத் தொழில் தெரிந்த அவருடைய தந்தைதான். முதல் பொம்மைக்கு அது வேண்டியதில்லை.

சதைக்குப் பிளாஸ்டிசின் எளிது. விளக்குச் சூட்டில் இளகும், தூசி ஒட்டும், கைரேகை பதியும். ஃபோம் லேடெக்ஸ் இலேசானது; அடுப்பில் வேகவைக்க வேண்டும், ஆண்டுகள் போனால் பொடியும். சிலிக்கோன் உறுதியானது, ஆனால் பிளாட்டினம் வகை சிலிக்கோன் கந்தகம் கலந்த களிமண்ணில் பட்டால் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். மாதிரி உரு செய்ய வாங்கும் களிமண்ணில் கந்தகம் இல்லை என்பதை முதலிலேயே உறுதிசெய்வது நல்லது. ரோமம் வைத்த பொம்மை இன்னொரு சிக்கல்: 1933-இல் வெளிவந்த ‘கிங் காங்’கில் குரங்கின் முயல்தோல் ரோமம் விரல் பட்ட இடமெல்லாம் சிலிர்ப்பதை இன்றும் பார்க்கலாம்.

முகம் கடைசியில் வருவதே நல்லது. ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ (1993) படத்தில் நாயகன் ஜாக்குக்கு மாற்றி மாற்றிப் பொருத்த ஏறத்தாழ 400 தலைகள் இருந்தன. ‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) பொம்மைகளின் தலைக்குள் பற்சக்கரங்களே இருந்தன. இரண்டும் பெரிய ஸ்டுடியோக்களுக்குக் கட்டுப்படியாகும் வழிகள். செக் கலைஞர் யிர்ஷி திர்ன்கா தம் பொம்மைகளுக்கு மாறாத முகமே வைத்தார். ஒளியும் கோணமும் தலைச்சாய்வும் உணர்ச்சியைக் காட்டின. ஆர்ட்மன் ஸ்டுடியோவின் நாய் குரோமிட்டுக்கு வாயே இல்லை, புருவத்தாலேயே பேசிவிடுகிறது. தொடக்கத்துக்கு, அசைகிற புருவமும், ஊசியால் திருப்பும்படி நுண்துளையிட்ட மணிக் கண்களும் போதும்.

விரல்களில் மெல்லிய கம்பி இருப்பதால் அவைதான் முதலில் ஒடியும். அச்சு கெடாமல் இருக்கும்போதே இரண்டு மூன்று ஜோடி கைகளைக் கூடுதலாக வார்த்து, அதே நிறக் கலவையில் சாயம் பூசி வைத்த பிறகே படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும்.