தண்ணீரில் போடும் எடை

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளி லோடுக்கு இரண்டு எடை உண்டு. வண்டியோடு எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது ஒன்று. அப்புறம் லோடிலிருந்து சில கிலோ கிழங்கை எடுத்து, கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கி நிறுப்பார்கள். மாவு ஏறிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். நீர் கோத்த கிழங்கு லேசாகிவிடும். அந்த அளவுக்குப் பெயர் ‘பாயிண்ட்’. விலை பேசுவது பாயிண்டை வைத்துத்தான்.

கல்வராயன் மலையிலும், கீழே சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கத்திலும் மரவள்ளி போட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியும். அப்பா ஆலையிலிருந்து திரும்பியதும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பாயிண்ட்?’ கல்லூரி மாணவருக்கு இதைவிட நெருக்கமான தொழில் எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் பட்டியல் எடைமேடை. நேர்முகத் தேர்வு தண்ணீர்த்தொட்டி. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், “மூன்று வருஷத்தில் நீயாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லு” என்ற கேள்வியில் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து படித்த பிள்ளை அப்படி நிற்கும்போது மனசு கனத்துப் போகிறது.

பாயிண்ட் எப்படி ஏறும்? தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி ஆள் உயரம் தழைக்கும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் தடிமன்தான் இருக்கும். மாவு ஏறச் சாம்பல் சத்து வேண்டும். இணையத்தில் சேர்க்கும் சான்றிதழ்கள் எல்லாம் தழை. கையால் செய்து முடித்த ஒரே ஒரு வேலை சாம்பல் சத்து. வணிகவியல் மாணவர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் கணக்கை மூன்று மாதம் எழுதிப் பார்க்கலாம். கணினி படிப்பவர் ஊர்க்காரர்களின் லோடு, பாயிண்ட், மண் கழிவு, முன்பணம் ஆகியவற்றைப் பதியும் சின்னச் செயலி ஒன்றைச் செய்யலாம். தாவரவியல் என்றால் மலையில் கடுக்காய் பொறுக்குகிறவர்களோடு ஒரு பருவம் நடந்து குறிப்பெடுங்கள். தமிழ் படிப்பவருக்கு, மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களின் சொற்களே போதும். ஒரு நோட்டு நிரம்பிவிடும். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் பயிற்சிகள் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்தால் அதில் சொன்ன செயல்முறையைக் கடைசி வரை செய்து பாருங்கள்.

நட்ட குச்சியிலிருந்து நாலைந்து முளை கிளம்பும். இரண்டு மாதம் ஆனதும் நல்ல முளை இரண்டை விட்டுவிட்டு மற்றதை ஒடித்துவிடுவார்கள். பச்சையாக நிற்கும் முளையை ஒடிக்கக் கை வராதுதான். ஆனாலும் வங்கித் தேர்வு, குரூப் தேர்வு, போலீஸ், ஐடி, பி.எட். என்று ஐந்தையும் வளர்த்தால் எதிலும் கிழங்கு இறங்காது. முதல் வருஷம் எல்லாவற்றையும் எட்டிப் பாருங்கள். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் இரண்டோடு நில்லுங்கள். பகுதி நேர வேலை ஊடுபயிர் மாதிரி. வெங்காயமும் உளுந்தும் செடி சிறிதாக இருக்கும்போதுதான் போடுவார்கள். நிழல் கட்டிய பிறகு யாரும் போடுவதில்லை. வேலைக்குப் போயே ஆக வேண்டிய வீடு என்றால் அதை முதல் வருஷத்திலேயே பழகிவிடுங்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறவர்கள், கடைசி வருஷ விண்ணப்பங்களுக்கும் பஸ் செலவுக்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

வேலை தேடும்போது தரகர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேலை வாங்கித் தரப் பணம் கேட்பவரிடமும், என்ன வேலை என்று சொல்லாமல் முன்பணம் நீட்டுபவரிடமும் போகாதீர்கள். செம்மரம் வெட்ட அப்படி அழைத்துப் போகப்பட்டவர்களின் கதை நம் மலைகளுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுச் செத்தவர்கள் 20 பேர்.

இனி அறுவடை. மரவள்ளி மண்ணுக்குள் இருக்கும்வரை சில வாரம் பொறுக்கும். பிடுங்கிப் போட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். பட்டம் வாங்கி வெறுமனே வீட்டில் இருப்பது பிடுங்கிப் போட்ட கிழங்கு. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க ஒரு வருஷம் வேண்டுமா, தாராளமாக எடுங்கள். கூடவே ஏதாவது மண்ணில் இருங்கள். தொழில் பழகுநர் பயிற்சி, ஆடிட்டர் அலுவலகத்தில் அரை நாள், முதுகலை, எதுவானாலும் சரி. அதற்கும் எல்லை உண்டு. நாள் கடந்து நிற்கும் செடி, மழை பெய்ததும் புதுத்தளிர் விட்டுச் சேர்த்த மாவைத் தானே தின்னும், பாயிண்ட் இறங்கிவிடும். எத்தனை முறை தேர்வு எழுதுவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்து கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், நீங்கள் செய்த வேலையை அப்பாவிடமோ அம்மாவிடமோ ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். பாடப் புத்தகச் சொல் ஒன்றுகூட வேண்டாம். “இதனால யாருக்கு என்ன லாபம்? எவ்வளவு செலவாச்சு?” என்று குறுக்கே கேட்பார்கள். வருஷா வருஷம் அந்தத் தொட்டியருகில் நின்று பாயிண்ட் பார்த்தவர்கள் அவர்கள்.