கேள்விக்குறியான பெயர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கணினியில் பிழை நேரும்போது 'இயந்திரம் கெட்டுவிட்டது' என்று சொல்லிக் கைவிடுவது எளிது. பெரும்பாலான வேளைகளில் இயந்திரம் கெடுவதில்லை. அதற்குச் சொல்லப்பட்ட அமைவுக் குறிப்புகளில் ஒன்று தவறியிருக்கும். அத்தவற்றைக் கண்டுபிடிப்பதற்கு ஒழுங்கான சிந்தனை வேண்டும். தடயங்களைப் படித்தல், ஒப்பிடுதல், காரணத்தின் வேர்வரை செல்லுதல் ஆகிய மூன்றும் அச்சிந்தனையின் படிகள். ஜாவா மொழியில் இயங்கும் இணையச் சேவையகம் ஒன்றில் தமிழ்ப் பெயர் சிதைந்த நிலையை முன்வைத்து அப்படிகளை விளக்குகிறது இப்பாடம்.

மலையில் பதிவான மங்கல்

ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியில் இங்கு வானாய்வு தொடங்கியது. 1972ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி நிறுவப்பட்டது.

1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனைக் கடந்து மறைக்கவிருந்தது. காவலூர் உள்ளிட்ட பல இடங்களிலிருந்து வானியலாளர்கள் அந்நிகழ்வை நோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. காவலூரில் பதிவான இம்மங்கலுக்குக் காரணம் என்ன? மேகமா, கருவியின் குறையா, வேறொரு பொருளா? புதியதொரு துணைக்கோள் ஒளியை மறைத்திருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. அதே வேளையில் வானூர்தியில் பொருத்திய தொலைநோக்கியால் நோக்கிய அமெரிக்க ஆய்வாளர்களின் பதிவில், கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் மங்கல்கள் காணப்பட்டன. ஒரு துணைக்கோள் இருபுறமும் ஒரே அளவில் மறைக்க இயலாது. எனவே, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது உறுதியாயிற்று.

காவலூரின் பதிவு பிழையானதன்று. ஒரு பதிவை மட்டும் கொண்டு காரணத்தை முடிவு செய்வது எவ்வளவு கடினம் என்பதையே இந்நிகழ்வு உணர்த்துகிறது. தடயத்தைப் புறக்கணிக்காமல் குறித்து வைத்ததும், பிற பதிவுகளோடு ஒப்பிட்டதும் உண்மையை வெளிக்கொணர்ந்தன. கணினிச் சேவையகத்தில் பிழை தேடுவோர் பின்பற்றுவதும் இந்நெறியையே.

சேவையகமும் அமைவும்

இணையத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது, அது தொலைவிலுள்ள ஒரு கணினியைச் சென்றடைகிறது. கேட்போருக்கு வேண்டியதைத் தரும் அக்கணினியும் அதில் இயங்கும் மென்பொருளும் சேவையகம் எனப்படுகின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாவா மொழியில் எழுதப்பட்ட இணையச் செயலிகள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றை இயக்கும் சேவையக மென்பொருள்களுள் அப்பாச்சி டாம்கேட் பெரிதும் அறியப்பட்டது. கட்டணமின்றிக் கிடைப்பதுடன் அதன் மூல நிரலும் திறந்தே உள்ளது.

ஒரே செயலியை வெவ்வேறு கணினிகளில் இயக்கலாம். ஆயினும் ஒவ்வொரு கணினியிலும் சில செய்திகளைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். எந்த வாயில் எண்ணில் கேட்பது, எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்துவது, எந்தத் தரவுத்தளத்தோடு பேசுவது, எழுத்துகளை எந்த முறையில் படிப்பது என்பன அவை. இவற்றின் தொகுப்பே அமைவு. நிரல் சரியாக இருந்தும் அமைவு தவறினால் செயலி தடுமாறும். வீடு மாறியவர் பழைய முகவரியையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால் கடிதம் வந்து சேராது. அது போன்றதே இது.

பெயர் சிதைந்தது

ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஜவ்வாது மலையின் சிற்றூர் ஒன்றில் வாழும் மாணவி, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். அவள் ஊரில் இணையத் தொடர்பு நிலையாக இல்லை. ஒரு நாள் கூலியை இழந்து தந்தை உடன்வர, பேருந்தில் ஜமுனாமரத்தூருக்கு வந்து படிவத்தை நிரப்புகிறாள். பெயரைத் தமிழில் 'வள்ளி' என்று இடுகிறாள். படிவம் ஏற்கப்பட்டதாகத் திரை அறிவிக்கிறது. அச்சிட்ட ஒப்புகைச் சீட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் மட்டுமே உள்ளன.

சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிடில் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். கடைசி நாளுக்கு இரண்டு நாள்களே உள்ளன. இந்நிலையில் அச்சேவையகத்தைப் பேணும் பொறியாளர் என்ன செய்வார்?

'எழுத்துரு இல்லை, அதை நிறுவுங்கள்' என்பது பலர் உடனே சொல்லும் மறுமொழி. அதே கணினியில் பிற தமிழ்ப் பக்கங்கள் சரியாகத் தெரிகின்றன. ஆகவே, அக்காரணம் பொருந்தாது. தோன்றிய முதல் காரணத்தைப் பற்றிக்கொள்ளாமல் அதைச் சோதித்து விலக்குவதே பிழைதேடலின் முதற்படி.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

இலக்கண நோக்கில் 'வள்ளி' என்பது வ, ள், ளி என்னும் மூன்றெழுத்துச் சொல். கணினியின் ஒருங்குறி முறையோ அதனை வகரம், ளகரம், புள்ளி, ளகரம், இகரக் குறி என ஐந்து குறியீடுகளாகக் கொள்கிறது. அவற்றின் எண்கள் முறையே 2997, 2995, 3021, 2995, 3007 ஆகும். யுடிஎஃப்-8 என்னும் முறையில் இவற்றை அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைப் பெறும். எனவே, 'வள்ளி' பதினைந்து பைட்டுகளாகப் பயணம் செய்கிறது.

இக்கணக்கை அறிந்தவர் சிதைவின் தோற்றத்தைக் கொண்டே பிழையின் வகையை ஊகிக்கலாம்.

எழுத்துகளுக்கு மாற்றாக வெறுங்கட்டங்கள் தெரிந்தால் பெயர் நலமாக உள்ளது. காட்டும் கணினியில் எழுத்துரு இல்லை.

பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் தொடராக வந்து, தலையில் சாய்கோடு இட்ட 'ஏ' என்னும் எழுத்து ஐந்து முறை தோன்றினால், பதினைந்து பைட்டுகளும் வந்து சேர்ந்துள்ளன. அவற்றை இலத்தீன் முறையில் பதினைந்து தனி எழுத்துகளாகத் தவறாகப் படித்துள்ளனர். பைட்டுகள் அழியாததால் பெரும்பாலும் பெயரை மீட்கலாம்.

ஐந்து கேள்விக்குறிகள் தோன்றினால் நிலை கடுமையானது. கணினி ஐந்து குறியீடுகளையும் சரியாக அறிந்திருந்தது. அவற்றைத் தமிழுக்கு இடமில்லாத ஒரு முறையில் எழுத முயன்றது. எழுத இயலாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டது. 'வள்ளி' என்றாலும் ஐந்து குறியீடுகள் கொண்ட வேறெந்தப் பெயர் என்றாலும் பதிவது அதே ஐந்து கேள்விக்குறிகள்தாம். அதிலிருந்து மூலப்பெயரை எவ்வகையாலும் மீட்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

உலாவியில் தோன்றும் பிழை எண்களும் தடயங்களே. 404 என்பது கேட்ட பக்கம் அங்கு இல்லை என்பதைக் குறிக்கும். 500 என்பது சேவையகத்தின் உள்ளே பிழை நேர்ந்ததைக் குறிக்கும். 503 என்பது அப்போதைக்குச் சேவை வழங்க இயலாமையைக் குறிக்கும். பொதுவாக, 4இல் தொடங்குபவை வேண்டுகோளில் உள்ள குறையையும் 5இல் தொடங்குபவை சேவையகத்தில் உள்ள குறையையும் சுட்டுகின்றன.

கண்ணிகளைச் சோதித்தல்

பெயர் கடந்து வந்த வழி ஒரு சங்கிலி போன்றது. உலாவி, சேவையகம், நிரல், கோப்பு அல்லது தரவுத்தளம் என்பன அதன் கண்ணிகள். எந்தக் கண்ணியில் பெயர் சிதைந்தது என்பதைக் காண ஒவ்வோர் இணைப்பிலும் பெயரைச் சோதிக்க வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. சேவையகம் தன் செயல்களை நேர வரிசையில் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. அக்கோப்பில் பெயரை அப்படியே எழுதச் செய்தால் அங்கும் கேள்விக்குறிகள் தோன்றலாம். அப்போது சிதைந்தது பெயரா, பதிவு எழுதப்பட்ட முறையா என்பது விளங்காது. எனவே, தேர்ந்த பொறியாளர் எழுத்துகளுக்கு மாற்றாக அவற்றின் எண்களை எழுதச் செய்வார். எண்கள் எந்த முறையிலும் சிதைவதில்லை.

சோதனைப் படிவம் ஒன்று அனுப்பப்படுகிறது. சேவையகம் பெயரைப் பெற்றவுடன் பதிவில் 2997, 2995, 3021, 2995, 3007 என்னும் எண்கள் உள்ளன. கோப்பில் எழுதிய பின் மீண்டும் படித்தபோது 63 என்னும் எண் ஐந்து முறை உள்ளது. 63 என்பது கேள்விக்குறியின் எண். ஆகவே, பெயர் பெறப்படும்போது சிதையவில்லை, எழுதப்படும்போதே சிதைந்துள்ளது. தேடவேண்டிய பரப்பு ஒரே கண்ணியாகச் சுருங்கிவிட்டது.

வேர்க்காரணம்

'நிரலை உருவாக்கியபோது தமிழ் சரியாகத்தான் வந்தது' என்கிறார் நிரலாளர். அவர் கூற்றும் உண்மையே. அவருடைய கணினியையும் சேவையகத்தையும் ஒப்பிட்டபோது வேறுபாடு வெளிப்படுகிறது. கோப்பில் எழுதும் இடத்தில் எழுத்துமுறையை நிரல் குறிப்பிடவில்லை. அவ்வாறு குறிப்பிடாவிடில், ஜாவாவின் பழைய பதிப்புகள் இயக்க முறைமையின் இயல்பு மொழி அமைவைப் பின்பற்றும். நிரலாளரின் கணினியில் அது யுடிஎஃப்-8. புதிதாக நிறுவிய சேவையகத்தில் மொழி அமைவை எவரும் குறிப்பிடாததால் அது ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஆஸ்கி முறையில் இயங்கியது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 18ஆம் பதிப்பு முதல் யுடிஎஃப்-8 முறையே இயல்பாக்கப்பட்டுள்ளது.

இப்போது தீர்வு இரு படிகளில் அமைகிறது. உடனடித் தீர்வாக, ஜாவாவைத் தொடங்கும் கட்டளையில் யுடிஎஃப்-8 முறை குறிப்பிடப்படுகிறது. நிலையான தீர்வாக, எழுதும் இடந்தோறும் அம்முறையை வெளிப்படையாகச் சுட்டுமாறு நிரல் திருத்தப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சோதிப்பது இன்றியமையாதது. ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து பிழை நீங்கினால், எது நீக்கியது என்பது தெரியாமற்போகும்; அப்பிழை மீண்டும் வரும்போது கையில் அறிவு எதுவும் இராது.

நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. ஜாவாவின் பதிவுக் கோப்பும் இவ்வரிசையையே நினைவூட்டுகிறது. ஒரு பிழையை அறிவித்தபின், அது 'இதனால் விளைந்தது' என்று அடுத்த காரணத்தையும், அதற்குரிய காரணத்தையும் அடுக்கிச் செல்லும். முதல் வரியோடு நிறுத்துபவர் நோயின் பெயரை மட்டுமே அறிவார். கடைசிக் காரணம்வரை படிப்பவரே மூலத்தை நெருங்குவார்.

கூட்டத்தின் நெருக்கடி

கடைசி நாளில் மற்றோர் இடரும் நேரலாம். டாம்கேட் இயல்பான அமைவில் 200 வேண்டுகோள்கள்வரை ஒரே நேரத்தில் கையாளும். செயலிக்குத் தரவுத்தள இணைப்புகள் எட்டு மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். 200 பேரும் தரவுத்தளத்தை நாடினால் 8 பேர் பணி நடக்கும்; 192 பேர் காத்திருப்பர். சேவையகத்தின் செயலி ஓய்வாக இருக்கும், பக்கமோ திறவாது. அந்நேரத்தில் நினைவகத்தைக் கூட்டுவது பயன் தராது. இணைப்புகளின் எண்ணிக்கையைத் தரவுத்தளம் தாங்கும் அளவுக்கு உயர்த்துவதும், ஒவ்வோர் இணைப்பும் பணி முடிந்தவுடன் திருப்பித் தரப்படுகிறதா என்று பார்ப்பதும் வேண்டும்.

எஞ்சிய பொறுப்பு

அமைவு திருத்தப்பட்டபின் புதிய விண்ணப்பங்களில் பெயர்கள் சரியாகப் பதிகின்றன. அத்துடன் பணி முடிந்ததா? முன்னரே கேள்விக்குறிகளாகப் பதிந்த பெயர்களை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. அவ்விண்ணப்பங்களைத் தனியே பட்டியலிட்டு, உரியவர்களிடம் பெயரை மீண்டும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தொலைபேசி அழைப்பு போதுமானது. மலையூர் மாணவியை மற்றுமொரு நாள் பேருந்து ஏறி வரச் செய்வது முறையன்று, பிழை அவளுடையதன்று.

சேவையகத்திற்கு 63 என்பதும் ஓர் எண், 2997 என்பதும் ஓர் எண். இரண்டையும் அது ஒரே அமைதியோடு எழுதி வைக்கும். ஐந்து கேள்விக்குறிகளுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டியவர் மனிதரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயரில் இலக்கண நோக்கில் எத்தனை எழுத்துகள் உள்ளன, ஒருங்குறி முறையில் எத்தனை குறியீடுகள் உள்ளன என்பதைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

2. வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கருவி பழுதானபோது காரணம் கண்டறியப்பட்ட முறையைப் படிநிலைகளாக எழுதி வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா

1. சேவையகத்தின் அமைவு என்றால் என்ன?

2. பதிவுக் கோப்பில் எழுத்துகளுக்கு மாற்றாக எண்களை எழுதச் செய்வது ஏன்?

சிறுவினா

1. வெறுங்கட்டங்கள், பொருளற்ற எழுத்துகள், கேள்விக்குறிகள் ஆகிய மூவகைச் சிதைவுகளையும் வேறுபடுத்துக.

2. 1977ஆம் ஆண்டு காவலூரில் பதிவான ஒளிமங்கல் பிழைதேடலுக்கு எவ்வாறு எடுத்துக்காட்டாகிறது?

நெடுவினா

'பிழையைத் திருத்துவதோடு பொறியாளரின் கடமை முடிவதில்லை' - இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.