தோலைப் பார்த்து ஒயர் வாங்கு

அன்பு மகனுக்கு,

உன் ரிப்பேர் கடையில் வேலை நிற்காமல் வருகிறது என்று உன் அப்பா சொன்னான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆர்.கே.பேட்டை மாதிரி ஊரில் ஒருவன் போர்டு வேலை பார்க்கிறான் என்று தெரிந்துவிட்டால், பள்ளிப்பட்டிலிருந்தும் நகரியிலிருந்தும்கூட ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் இனி உன் வேலை.

"அறுந்த டிராக்குக்கு ஜம்பர் போட எந்த ஒயர் நல்லது? ஒரே ரகமாகச் சொன்னால் ஒரு ரோல் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்" என்று கேட்டிருந்தாய். ஒரு ரோலில் முடிகிற விஷயம் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். டிராக் அறுந்த இடத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். ஆனால் இன்வெர்ட்டர் போர்டு, டி.வி. போர்டு, செல்போன் போர்டு மூன்றிலும் ஒரே சிவப்பு பி.வி.சி. ஒயர் ஓடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒயர் எடுக்கும்முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள். உள்ளே எவ்வளவு செம்பு வேண்டும்? வெளியே எப்படிப்பட்ட தோல் வேண்டும்? முதல் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு, அந்த போர்டு திரும்பிப் போய் எங்கே வாழப்போகிறது என்று தெரிய வேண்டும். கடைக்குத் திரும்பி வருகிற ஜம்பர்களில் பெரும்பாலும் செம்பு நன்றாகவே இருக்கும், தோல்தான் போயிருக்கும்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சாதாரண போர்டில் டிராக்கின் கனம் 35 மைக்ரான், அதாவது 0.035 மில்லிமீட்டர். அறுந்த டிராக்கின் அகலத்தை ஸ்கேலில் அளந்து 0.035 ஆல் பெருக்கு. ஒரு மில்லிமீட்டர் டிராக்கில் இருந்த செம்பு 0.035 சதுர மில்லிமீட்டர். 30 ஏ.டபிள்யூ.ஜி. ஒயரின் குறுக்களவு 0.05. அவ்வளவு மெல்லியதாகத் தெரியும் அந்த ஒயர், ஒரு மில்லிமீட்டர் டிராக்கை விட அதிகச் செம்பு கொண்டது. ஐந்து மில்லிமீட்டர் டிராக் என்றால் 0.175 வேண்டும், அதற்கு 24 ஏ.டபிள்யூ.ஜி. எடு. ஒன்றை மறக்காதே: டிராக் போர்டோடு ஒட்டிப் பரந்து கிடப்பதால் சூட்டை எளிதாக விட்டுவிடும், ஒயருக்கு அந்த வசதி இல்லை. கணக்கில் வருவதை விட ஒரு கேஜ் தடிமனாகவே போடு.

கேஜ் சொல்லும்போது எந்தக் கேஜ் என்று கேள். நம் ஊரில் காயில் கட்டுகிறவர்கள் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் பேசுவார்கள், எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏ.டபிள்யூ.ஜி. இரண்டிலும் 30 என்ற எண் உண்டு. முன்னது 0.315 மில்லிமீட்டர், பின்னது 0.255. ரோல் மேல் எழுதியிருப்பதை நம்புவதை விட மைக்ரோமீட்டரில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பது நல்லது.

செல்போன் வேலைக்கென்று 0.02 மில்லிமீட்டர் ஜம்பர் ஒயர் விற்கிறார்களே, அதன் கணக்கையும் தெரிந்துகொள். அது மீட்டருக்கு 55 ஓம். ஒரு சென்டிமீட்டர் போட்டாலே அரை ஓமுக்கு மேல். மைக், டேட்டா, பட்டன் லைனுக்கு அது போதும். சார்ஜிங் லைனில் போட்டு 2 ஆம்பியர் ஓடவிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டரிலேயே ஒரு வோல்ட் போய்விடும், இரண்டு வாட் சூடு ஏறும், ஒயர் எரியும். "சார்ஜ் ஏறவில்லை" என்று வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

இனித் தோலுக்கு வருகிறேன். பேச வேண்டியது இங்கேதான்.

பி.வி.சி. எங்கும் கிடைக்கும், மலிவு, கலர் கலராக வரும். ஆனால் ரகத்தைப் பொறுத்து 70 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். உன் அயர்ன் முனை 330 டிகிரியில் நிற்கிறது. ஈயம் பிடிக்கும் முன்பே தோல் சுருங்கிப் பின்வாங்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் செம்பு அம்மணமாக நிற்கும். உன் படத்தில் ஐ.சி. காலுக்குப் பக்கத்தில் தெரிவது அதுதான். பி.வி.சி.யைப் போர்டிலிருந்து வெளியே போகும் ஒயர்களுக்கு வைத்துக்கொள்: ஸ்பீக்கர், பேட்டரி, எல்.இ.டி. பட்டை. நுனிக்கு முன்பே ஈயம் பூசி, ஸ்லீவ் கோத்து, அயர்னைச் சட்டென்று எடுத்துவிட்டால் அங்கே பிரச்சினை வராது. லேன் கேபிளை உரித்து எடுக்கும் ஒயரும் இப்படித்தான். அளவு 24 கேஜ், ஒற்றைக் கம்பி, பார்க்க அழகு. ஆனால் தோல் பாலித்தீன், பி.வி.சி.யை விடச் சீக்கிரம் உருகும். மலிவு லேன் கேபிளில் இன்னொரு ஏமாற்று உண்டு. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பிளேடால் சுரண்டு. வெள்ளையாகத் தெரிந்தால் தூக்கிப் போடு. ஈயம் சரியாகப் பிடிக்காது, இரண்டு முறை மடக்கினால் ஒடியும்.

போர்டின் மேல் ஜம்பருக்கு முதலில் கைவைக்க வேண்டியது 30 கேஜ் ரேப்பிங் ஒயர். கைனார் ஒயர் என்றும் கேட்கலாம். ஒரு காலத்தில் சால்டர் இல்லாமல் பின்னில் சுற்றியே இணைப்புக் கொடுப்பதற்காக வந்த ஒயர் அது. நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்தின் கம்ப்யூட்டரில்கூட அந்தச் சுற்று முறையில்தான் இணைப்புகள் கொடுத்தார்கள். அந்தத் தொழில் மறைந்துவிட்டது, ஒயர் மட்டும் ரிப்பேர்காரர்களிடம் தங்கிவிட்டது. தோல் மெல்லியது, 170 டிகிரிக்கு மேல்தான் உருகும், வளைத்த இடத்தில் வளைந்தபடி நிற்கும். வெறும் பிளேடால் உரிக்காதே. கம்பியில் கீறல் விழுந்தால் பிறகு அங்கேதான் ஒடியும். 30 கேஜுக்கு என்றே உரிக்கும் கருவி கிடைக்கும், அதை வாங்கிக்கொள்.

சூடான இடத்துக்கு டெஃப்லான். ஹீட் சிங்க் பக்கம், இண்டக்‌ஷன் அடுப்பின் பவர் பகுதி, இன்வெர்ட்டர் மாஸ்ஃபெட் ஓரம் என்று எங்கே கை வைக்க முடியாதோ அங்கே அதைப் போடு. 1938 இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் தற்செயலாகக் கண்ட பொருள் அது. உருகுநிலை 327 டிகிரி, அயர்ன் பட்டாலும் சுருங்காது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கூரான பின்னின் மேல் அழுத்திக் கிடந்தால், சூடே இல்லாமல் மெல்ல மெல்ல நெகிழ்ந்து வழிவிட்டுவிடும். ஒரு நாள் செம்பு பின்னைத் தொடும். அதனால் முனைகளின் மேல் இழுத்துக் கட்டாதே. லைட்டர் வைத்துத் தோலை எரிக்கும் பழக்கமும் வேண்டாம். டெஃப்லான் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கடைசியாக எனாமல் ஒயர். விசைத்தறி ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை. துண்டுக் கம்பி சும்மாவே கொடுப்பார்கள், வாங்கி வைத்தும் இருப்பாய். ஆனால் மோட்டார் கம்பியின் எனாமல் சூட்டைத் தாங்கவென்றே செய்தது, ஈயத்துக்கு அசையாது. அதைச் சுற்றிலும் முழுக்கச் சுரண்டிப் பளபளவென்று செம்பு தெரிந்த பிறகே ஈயம் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் அன்றைக்கு வேலை செய்யும், மழைக்காலத்தில் விட்டு விட்டு வரும். ரிலே காயில், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து வரும் மெல்லிய கம்பி பெரும்பாலும் வேறு ரகம், பாலியூரித்தேன் பூச்சு. அயர்னை 380, 390 டிகிரிக்கு ஏற்றி, ஒரு பொட்டு ஈயத்தில் நுனியை அமிழ்த்தினால் பூச்சு தானே கரைந்து ஈயம் பிடிக்கும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு செய்.

எனாமலை எங்கே போடலாம்? செல்போன், லேப்டாப் போன்ற குறைந்த வோல்டேஜ் போர்டில், அசையாத இடத்தில் போடலாம். மெயின்ஸ் பக்கம் ஒருபோதும் கூடாது. 230 வோல்ட் ஏ.சி. டையோடு தாண்டியதும் 325 வோல்ட் டி.சி. ஆகிவிடுகிறது. அதற்கும் பக்கத்து டிராக்குக்கும் நடுவே வெறும் வார்னிஷ் பூச்சை நம்பி நிற்கக் கூடாது. தோலுள்ள ஒயர், அதன் மேல் ஸ்லீவ், இரண்டும் வேண்டும்.

இதைவிடக் கண்டிப்பான விதி ஒன்று. எஸ்.எம்.பி.எஸ். போர்டைத் திருப்பினால், சூடான (மெயின்ஸ்) பக்கத்துக்கும் குளிர்ந்த (வெளியீட்டு) பக்கத்துக்கும் நடுவே டிராக் இல்லாத அகலமான கோடு ஒன்று ஓடும். சில போர்டில் அங்கே பிளவே வெட்டியிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர், ஒய் கெபாசிட்டர் போன்றவை மட்டுமே அதைத் தாண்டி நிற்கும். உன் ஜம்பர் எவ்வளவு நல்ல ஒயராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதன் மேல் குறுக்கே கிடக்கவும் கூடாது. சுற்றிக்கொண்டு போ. அந்தப் பக்கம் இருப்பது சார்ஜரில் கை வைக்கும் குழந்தை.

இனி அந்த போர்டு எங்கே வாழப்போகிறது என்ற கேள்வி. சென்னையில் ஏ.சி. அறையில் இருக்கும் டி.வி.க்கும், தறிக்கூடத்துச் சுவரில் தொங்கும் ஸ்டெபிலைசருக்கும் ஒரே ஜம்பர் ஆகாது. மே மாதம் வந்தால் வெயில் செய்தியில் திருத்தணி பெயர் தவறாமல் வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசி. அங்கே ஹாட் குளூ இளகி ஒயரைக் கைவிட்டுவிடும். தறி ஓடும்போது சுவரே அதிர்கிறது. பஞ்சுத்தூசி எண்ணெயோடு சேர்ந்து போர்டில் படிந்து, ஈரம் இழுத்து, திறந்து கிடக்கும் செம்பை எல்லாம் தேடிப் பிடிக்கும். ஆகவே தறிக்கூடத்து வேலையில் தோல் சால்டர் பொட்டு வரை வரவேண்டும், இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் தெரியக் கூடாது. போர்டோடு ஒட்டிக் கிடக்கும் ஜம்பருக்கு ஒற்றைக் கம்பி. போர்டை விட்டு வெளியே போகிறதா, ஆடுகிறதா, அங்கே பல இழை ஒயர். பல இழையில் ஈயம் தோலுக்குள் ஏறிவிட்டால் ஏறிய இடம் விறைத்து, அதன் எல்லையில் ஒடியும். ஈயத்தைக் குறைத்து வை, அந்த இடத்தை ஸ்லீவால் தாங்கு.

உரசல் சின்ன விஷயம் என்று நினைக்காதே. 1999 ஜூலையில் கொலம்பியா விண்கலம் கிளம்பிய ஐந்தாவது விநாடியில் ஷார்ட் சர்க்யூட் ஆகி, இரண்டு எஞ்சின்களில் தலா ஒரு கண்ட்ரோலர் நின்றுபோனது. மாற்றுக் கண்ட்ரோலர்கள் இருந்ததால் தப்பித்தார்கள். இறங்கிய பிறகு தேடினால், பிசிறு இருந்த ஒரு ஸ்க்ரூ தலையில் ஒயரின் தோல் உரசித் தேய்ந்திருந்தது. கப்டான் என்ற உயர்ந்த ரகத் தோல் அது. நல்ல தோலையும் கெட்ட பாதை தின்றுவிடும். ஆகவே ஜம்பரைக் குறுக்கே இழுக்காமல், நேர்க்கோட்டில் கொண்டுபோய்ச் செங்கோணத்தில் திருப்பு. பாகங்களின் தலை மேல் ஏற்றாதே, நாளைக்கு அதைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்க்ரூ துளை, ஹீட் சிங்க் ஓரம், மூடி அழுத்தும் இடம் மூன்றையும் விட்டு விலகு. இடையிடையே ஒட்டிவை. ஒட்டுவதற்கு வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் ரகம் கேட்டு வாங்கு. அரசு கொடுத்த பழைய கலர் டி.வி. யாராவது கொண்டுவந்தால், பெரிய கெபாசிட்டர் அடியில் பழுப்பாகிப்போன பசை இருக்கிறதா பார். இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடு. சில ரகப் பசை வயதானால் கரண்ட் கடத்தும், டிராக்கையும் அரிக்கும். அதை விட்டுவிட்டு ஜம்பர் மட்டும் போட்டால் இன்னொரு இடம் அறும்.

அடுத்த முறை திருத்தணியில் வண்டி ஏறி சென்ட்ரல் வந்தால், ரிச்சி தெருவில் இவற்றை வாங்கிப் போ: ரேப்பிங் ஒயர் 30 கேஜ், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. டெஃப்லான் 24, 28 கேஜில் சில மீட்டர். பாலியூரித்தேன் எனாமல் 0.1, 0.2 மில்லிமீட்டரில் சின்ன ரோல். பல இழை பி.வி.சி. 24 கேஜ். ஸ்லீவ் சின்ன அளவுகளில். ரோலாக வாங்க வேண்டாம், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைகள் உண்டு. வாங்கும் இடத்திலேயே ஒரு துண்டைச் சுரண்டிப் பார்.

போட்ட ஜம்பரை வேலைச் சீட்டில் எழுது, தேதியோடு: எங்கிருந்து எங்கே, என்ன ஒயர். மூடும் முன் படம் எடு. திரும்பி வரும் போர்டில் முதலில் உன் ஒயரைப் பார், ஐ.சி.யை அல்ல. எந்தத் தோல் எந்தக் கூடத்தில் எத்தனை மழை தாங்கியது என்று நீயே எழுதி வைத்த நோட்டு, நான் எழுதும் எந்தக் கடிதத்தையும் விடப் பெரியது.

அந்த இன்வெர்ட்டர் போர்டை வாடிக்கையாளரிடம் கேட்டுத் திரும்ப வாங்கு. பி.வி.சி.யை எடுத்துவிட்டு டெஃப்லான் போட்டுக் கொடு, காசு வாங்காதே. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறோம், பெரியம்மாவும் வருகிறாள். மலை இறங்கியதும் கடைக்கு வருவேன். உன் ஒயர் டப்பாவையும் அந்த நோட்டையும் எடுத்து வை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா