ஞாயிற்றுக்கிழமை சைடு வேலைக்கு எவ்வளவு கேட்கணும்?

மாசம் 26,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒரு பிளம்பரை எடுத்துக்குவோம். 26 நாள், தினம் 8 மணி நேரம்னா, மணிக்கு 125 ரூபாய். தெரிஞ்சவர் வீட்டு பாத்ரூம்ல ஒரு நாள் வேலை. 1,000 ரூபாய் கேட்டா போதுமா? போதாது.

1. நேரம்: வேலை 8 மணி நேரம். முன்னாடியே போய்ப் பார்க்க, கடைக்கு அலைய 3 மணி நேரம். மொத்தம் 11.

2. ரேட்: இதுல பிஎஃப் இல்ல, லீவு சம்பளம் இல்ல. குழாய் ஒழுகினா திரும்பப் போகணும். ஓவர்டைம் மாதிரி இரண்டு மடங்கு வைங்க: 11 × 250 = 2,750.

3. செலவு: பெட்ரோல், டூல்ஸ் தேய்மானம் 250. ஆக, கூலி 3,000 ரூபாய்.

பைப், குழாய் வாங்குற பணத்தை அட்வான்ஸா வாங்கிடுங்க. உங்க சம்பளத்தைப் போட்டுப் பொருள் வாங்காதீங்க.

பில்லில் தேதி, செய்த வேலை, கூலி, பொருள், அட்வான்ஸ், பாக்கி எல்லாம் தனித்தனியா இருக்கணும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. வருமான வரி ரிட்டர்ன்லயும் இதைக் காட்டணும். தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 பயன்படுத்த முடியாது.

தெரிஞ்சவர்தானே, குறைக்கலாம்னு தோணுதா? கூலி 3,000-னு எழுதி, தள்ளுபடி 500-னு கீழே போடுங்க. அடுத்த தடவை அவர் கூப்பிடும்போது பேச்சு 3,000-ல இருந்துதான் ஆரம்பிக்கும்.