மகசூல் கணக்கைக் கொடுப்போம், ஆளைக் காட்டிக் கொடுக்க வேண்டாம்
செல்போன் செயலி வழி ஆய்வுகளில் சேரும் உழவர்களுக்கு ஒரு பாடம்



நம்ம உழவர்களின் செல்போனுக்கு ஆய்வு அழைப்புகள் வருவது கூடிக்கொண்டே போகிறது. "இந்த ஆப்பை இறக்கிக்கோங்க, வாரம் ஒருதடவை பயிரைப் படம் எடுத்துப் போடுங்க, என்ன இடுபொருள் கொடுத்தீங்க, எத்தனை மூட்டை கண்டீங்கன்னு பதிவு பண்ணுங்க" என்கிறார்கள். கேட்பவர் பல்கலைக்கழக மாணவராக இருக்கலாம், தொண்டு நிறுவனமாக இருக்கலாம், இடுபொருள் விற்கிற கம்பெனியாகவும் இருக்கலாம். குழுக் கூட்டங்களில் என்னிடம் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல சேரலாமா, வேண்டாமா?"

சேரலாம். ஆனால் நாலு விஷயம் கேட்டுவிட்டுச் சேரணும் என்பதே என் பதில். என்ன கேட்கணும், ஏன் கேட்கணும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகள் நமக்கு வேண்டும். இயற்கை வழியில் மகசூல் வராது என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல நம்மிடம் வயல் இருக்கிறது, எழுதி வைத்த கணக்கு குறைவு. அதனால் கதவைச் சாத்திக்கொள்வது தீர்வாகாது.

அறிவு வேறு, ஆள் விவரம் வேறு

பகிர்ந்துகொள்வது நம் இயக்கத்தின் பழக்கம். அமிர்தக் கரைசல் போடும் முறையை யாரும் பூட்டி வைப்பதில்லை. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னதெல்லாம் எல்லோருக்கும் பொது. அதே மனதோடு ஆப்பில் கேட்கிற எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறோம். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஐந்திலைக் கரைசல் தெளித்தால் புழு குறைந்ததா என்பது அறிவு. உலகத்துக்கே சொல்லலாம். அந்த வயல் யாருடையது, அவருக்குக் கடன் எவ்வளவு, அவருடைய செல் நம்பர் என்ன என்பது ஆள் விவரம். அறிவு பரவுவதற்கு ஆள் விவரம் கூடவே போகத் தேவையில்லை. பெயர், செல் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு, முகம் தெரியும் படம், குரல் பதிவு, பட்டா எண், சர்வே எண், வயல் இருக்கும் இடப்புள்ளி இவை எல்லாமே ஆள் விவரம்தான்.

வெளியே போனால் என்ன நட்டம்?

"என்கிட்ட என்னங்க ரகசியம் இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சில நிலைமைகளை நினைத்துப் பாருங்கள்.

வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் நம்மில் எத்தனையோ பேர். ஆப்பில் "சொந்த நிலமா, குத்தகையா?" என்ற கேள்விக்கு அவர் உள்ளதைச் சொல்கிறார். அது நில உடைமையாளர் காதுக்குப் போனால், "எழுத்துல பதிவாயிடுச்சா?" என்று பயந்து அடுத்த போகத்துக்கு நிலத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஐந்து வருடமாக மண்ணைத் தேற்றி வைத்தவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு ஏது?

வீட்டில் எத்தனை மூட்டை இருப்பு இருக்கிறது, எப்போது கடன் கட்டணும் என்பது வியாபாரிக்குத் தெரிந்தால் விலையைப் பேசுவது அவர் கையில் போய்விடும். இடுபொருள் கம்பெனிக்குச் செல் நம்பர் கிடைத்தால் அழைப்பு ஓயாது. தனியாக விவசாயம் பார்க்கும் பெண்களின் நம்பரும் படமும் தெரியாத ஆட்கள் கைக்குப் போவது இன்னும் மோசம்.

மாறுதல் காலத்தில் இருக்கும் ஒருவர் நெருக்கடியில் ஒருமுறை யூரியா போட்டதை ஆய்வாளரிடம் நேர்மையாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பெயரோடு வெளியே வந்தால், அடுத்த ஆய்வில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பொய்க் கணக்கை வைத்துச் செய்யும் ஆய்வு நமக்கும் உதவாது, ஆய்வாளருக்கும் உதவாது. ஆள் விவரத்தைக் காப்பது உழவருக்கு மட்டும் நன்மை என்று நினைக்க வேண்டாம். ஆய்வு உருப்படியாக வருவதற்கும் அதுதான் அடிப்படை.

பெயரை எடுத்தால் போதுமா?

"பெயரை நீக்கிவிடுவோம்" என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அது மட்டும் போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் எண் மூன்றும் அதில் இருந்தன. லதான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் வாக்காளர் பட்டியலை வாங்கி, இந்த மூன்றையும் பொருத்திப் பார்த்து, அந்த மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார்.

நம் ஊரில் இது இன்னும் சுலபம். "இந்தக் கிராமம், இரண்டரை ஏக்கர், மாப்பிள்ளைச் சம்பா" என்று போட்டால் டீக்கடையில் கேட்டே ஆளைச் சொல்லிவிடலாம். அரிய ரகம் வைத்திருப்பவர் எப்போதும் தனித்துத் தெரிவார். சர்வே எண் கொடுத்தால் டீக்கடைக்கும் போக வேண்டாம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் போட்டால் பட்டாதாரர் பெயர் வந்துவிடும். ஆக, சர்வே எண் கொடுப்பது பெயர் கொடுப்பதற்குச் சமம்.

இடப்புள்ளியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

பெரும்பாலான பயிர் ஆய்வுச் செயலிகள் ஜிபிஎஸ் இடப்புள்ளியை எடுக்கின்றன. அது 10.78652 என்பது மாதிரி ஓர் எண். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால்:

5 இலக்கம் இருந்தால் சுமார் 1 மீட்டர். நீங்கள் நின்ற வரப்பே தெரியும்.

3 இலக்கம் இருந்தால் சுமார் 110 மீட்டர். அது ஏறக்குறைய 3 ஏக்கர் சதுரம். சிறு உழவர் என்றால் இரண்டு மூன்று பேருக்குள் வந்துவிடும்.

2 இலக்கம் இருந்தால் சுமார் 1.1 கிலோமீட்டர். ஏறக்குறைய 300 ஏக்கர். பல குடும்பங்களின் நிலம் அதற்குள் அடங்கும், ஆளைப் பிரித்துச் சொல்வது கடினம்.

மழை, வெப்பம், பூச்சி எந்தப் பக்கம் பரவுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்குப் பெரும்பாலும் 2 இலக்கமே போதும். செயற்கைக்கோள் படத்தோடு வயலைப் பொருத்தும் ஆய்வுக்குத் துல்லியமான இடம் தேவைப்படும். அப்படியானால் துல்லியப் புள்ளியை ஆய்வுக் குழு பூட்டி வைத்துக்கொண்டு, வெளியிடும்போது குறைத்து வெளியிடணும். இது புது யோசனை இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற கணக்கெடுப்புகள் சார்ந்திருந்த உலகளாவிய டிஎச்எஸ் திட்டத்தில், இடப்புள்ளியை வெளியிடும் முன் வேண்டுமென்றே நகர்த்தி வைத்தார்கள். நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமப்புறத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை தள்ளி வைப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஆய்வுக்கே அது சரிப்படும் என்றால், நம்மிடம் வருகிறவர்களிடமும் அதைக் கேட்கலாம்.

படத்திலும் இடம் ஒளிந்திருக்கும். கேமராவில் இட அடையாளம் போடும் அமைப்பு திறந்திருந்தால், எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் இடப்புள்ளி பதிவாகும். வேண்டாம் என்றால் கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடலாம். இலையை மட்டும், நோய் இருக்கும் இடத்தை மட்டும் நெருங்கி எடுங்கள். முகம், வீடு, கதவு எண், வண்டி எண் எதுவும் விழ வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

இந்தச் சட்டப்படி ஒப்புதல் என்பது கட்டாயம் இல்லாமல், எதற்கு என்று தெரிந்து, அந்த வேலைக்கு மட்டும் கொடுப்பது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தைத் தமிழில் படிக்கும் வசதி இருக்கணும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கணும்.

ஆனால் இதில் ஒரு வாசல் இருக்கிறது. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் பயன்படுத்தும் தரவுக்கு, குறித்த தரங்களைப் பின்பற்றினால், சட்டம் விலக்கு அளிக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை: அந்தத் தரவை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உங்கள் ஆய்வுப் பதிலைப் பார்த்து உங்களுக்குக் கடன் உண்டா இல்லையா என்று ஒருவர் முடிவு செய்தால் அந்த விலக்கு பொருந்தாது. "ஆய்வு" என்று பெயர் வைத்துவிட்டாலே எல்லாம் சரி என்று ஆகாது. அதே சமயம், உண்மையான ஆய்வில் சட்டம் ஓரளவு விலகி நிற்பதால், ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்கும் உறுதிமொழிதான் நமக்குப் பெரிய பிடிமானம்.

சேரும் முன் கேட்க வேண்டிய எட்டு கேள்விகள்

1. ஆய்வை நடத்துவது யார், பணம் கொடுப்பது யார்? இரண்டும் வேறு வேறாக இருக்கலாம்.

2. எந்தக் கேள்விக்குப் பதில் காண இந்த ஆய்வு? ஆய்வின் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத விவரத்தை ஏன் கேட்கிறீர்கள்? மண்புழு எண்ணுகிற ஆய்வுக்கு ஆதார் எதற்கு?

3. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? பல்கலைக்கழக ஆய்வு என்றால் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம்.

4. பெயரும் பதிலும் ஒரே இடத்தில் இருக்குமா? நல்ல ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கும்.

5. யார் யார் பார்க்கலாம்? கம்பெனிக்கோ, வங்கிக்கோ, காப்பீட்டுக்கோ கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?

6. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்?

7. நான் நடுவில் விலகினால் என் விவரம் என்னவாகும்? பெயர் நீக்கி மொத்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அதனால் "இந்தத் தேதிக்குள் சொன்னால் நீக்குவோம்" என்று முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மை.

8. முடிவைத் தமிழில் எங்களுக்குத் திருப்பிச் சொல்வீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரை நம்பி உட்கார வையுங்கள். "எல்லாரும் ஓகே கொடுத்துட்டாங்க, நீங்களும் அமுக்குங்க" என்பவரிடம் அவசரம் வேண்டாம்.

செல்போனில் செய்ய வேண்டியது

ஆப்பை நிறுவியதும் அனுமதிகள் கேட்கும். தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி இரண்டும் பயிர் ஆய்வுக்குத் தேவையில்லை, மறுத்துவிடுங்கள். இடத்துக்கு "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் துல்லியமான இடம், தோராயமான இடம் என்று இரண்டு உண்டு. தோராயம் போதும் என்றால் அதைக் கொடுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஆப்பை நீக்கிவிட்டால் உங்கள் போனில் இருந்துதான் போகும். அனுப்பிய விவரம் அவர்களுடைய சர்வரில் அப்படியே இருக்கும். அதை அழிக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கேட்கணும்.

நாமே ஆய்வு நடத்தும்போது

நம் குழுக்களும் இப்போது விதைக் கணக்கெடுப்பு, மகசூல் ஒப்பீடு என்று நடத்துகின்றன. அடுத்தவரிடம் கேட்கும் நியாயம் நமக்கும் உண்டு. உழவர் 1, உழவர் 2 என்று எண் கொடுத்துக் கணக்கு எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் வேறொரு நோட்டில், பொறுப்பான ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பயணப்படி கொடுக்க வங்கி விவரம் வேண்டுமென்றால் அதையும் அந்தப் பெயர் நோட்டோடு வையுங்கள், ஆய்வுக் கணக்கோடு கலக்க வேண்டாம். ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

வெளியிடும்போது ஊர் வாரியாகப் போடாமல் வட்டம் வாரியாகப் போடுங்கள். ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒரே ஒருவர் வைத்திருக்கும் ரகம் என்றால், அவரைக் கேட்ட பிறகே அச்சில் ஏற்றுங்கள். பெயர் போட்டுப் பெருமைப்படுத்தச் சொல்வாரானால் தாராளமாகப் போடலாம். அந்த முடிவு அவருடையதாக இருக்கணும்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இந்த எட்டு கேள்விகளைச் சத்தமாகப் படித்து, ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ஆய்வு அழைப்பு எதுவும் தனி ஆளிடம் வந்தாலும் குழுவுக்குக் கொண்டுவந்து பேசுங்கள். தனியாகக் கேட்கத் தயங்குகிற கேள்வியைப் பத்துப் பேராக உட்கார்ந்தால் சுலபமாகக் கேட்டுவிடலாம்.