கேப் வேர்ட்: நிவாரணச் சோளம் கல்லணையான நாடு

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 600 கிலோமீற்றர் தொலைவில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் பத்துத் தீவுகள் உள்ளன. இவற்றுள் ஒன்பதில் மக்கள் வாழ்கின்றனர். இதுவே கேப் வேர்ட் குடியரசு. ஆண்டில் சுமார் மூன்று மாதங்களே மழைக்காலம். அதுவும் அடிக்கடி பொய்த்துவிடும்.

15ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அங்கு வந்தபோது அத்தீவுகளில் குடிகள் இருக்கவில்லை. ஆபிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரே நிலத்தைப் பண்படுத்தினர். காலப்போக்கில் மரங்கள் விறகாயின. செடிகளை ஆடுகள் மேய்ந்தன. மழை பெய்தபோது சரிவுகளிலிருந்த மண் கடலிற் சேர்ந்தது. நல்ல காணிகள் சிலர் கையில் இருந்தன. பயிரிட்டோர் பலர் வாரக்குடிகள். 1940களில் மழை பொய்த்தபோது பல்லாயிரம் மக்கள் பட்டினியால் மாண்டனர். மழையின்மை மட்டுமா இதற்குக் காரணம்? போதிய உணவை அனுப்பாத ஆட்சியும் காரணமாகும். உயிர் தப்பியோர் பலர் சாவோ தோமேயின் கொக்கோத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர்.

விடுதலைப் போராட்டத்தை வழிநடத்திய அமில்கார் கப்ரால் ஒரு விவசாய விஞ்ஞானி. அவர் 1973இல் கொல்லப்பட்டார். 1975 யூலை 5இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1968இல் தொடங்கிய வறட்சி அப்போதும் நீங்கவில்லை.

நிவாரணத்தில் வாழ்வது எத்தகையது என்பதை நம்மில் பலர் அறிவோம். வெளிநாடுகள் அனுப்பிய சோளத்தில் பெரும்பகுதியைப் புதிய அரசு சந்தையில் விற்றது. அப்பணம் கிராமத்து வேலைகளுக்குச் சம்பளமாயிற்று. ஆண்களும் பெண்களும் சரிவுகளுக்குக் குறுக்கே கல்வரிசைகள் அமைத்தனர்; நீரோடைகளில் சிறு கல்லணைகள் கட்டினர்; வறட்சி தாங்கும் மரங்களை இலட்சக்கணக்கில் நட்டனர். கல்வரிசை, ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்கிறது. நீர் நிலத்துள் இறங்குகிறது. அது சுமந்து வந்த மண் கல்லுக்குப் பின்னால் படிகிறது. அந்த மண்ணில் சோளமும் அவரையும் பயிராகும்.

எல்லாம் வெற்றியடைந்துவிடவில்லை. உணவில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதியே. 1980களின் தொடக்கத்தில் அரசு காணிச் சீர்திருத்தத்தை முன்வைத்தது. உழுபவருக்கே காணி என்பது அதன் நோக்கம். ஆனால், பிழைப்புக்காக வெளிநாடு சென்றோரின் சிறு காணிகளும் பறிபோகுமென்ற அச்சம் எழுந்தது, எதிர்ப்பும் வந்தது. எனினும் 1940களைப் போன்ற பட்டினிச் சாவுகள் திரும்பவில்லை. 2007இல் ஐக்கிய நாடுகள் சபையின் மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பட்டியலிலிருந்தும் கேப் வேர்ட் நீங்கியது.

குழுவாகக் கலந்துரையாடுவோம்:

1. நமக்குக் கிடைத்த நிவாரணத்தில் எதையேனும் நிலைத்து நிற்கும் பொதுவேலையாக மாற்றியிருக்கலாமா? வேலை செய்ய இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் என்ன வழி?

2. ஊரில் இல்லாதவரின் காணியை இன்னொருவர் பயிரிட்டால் இருவருக்கும் உள்ள உரிமை யாது?

3. நமது காணிகளில் மழைநீர் எவ்வழியே ஓடி மண்ணைக் கொண்டுசெல்கிறது? அதைத் தடுக்க நாமே இடக்கூடிய முதல் அணை எங்கே?