முள் சொல்றது நிஜமா?
(வீட்டில் செய்த விமானமும் அதன் மீட்டர்களும்)



மணிமுத்தாறு அருவி நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த மணிமுத்தாறில் 2014-ஆம் வருஷம் ஒரு குட்டி விமானம் பறந்தது. அதைச் செஞ்சது எந்தக் கம்பெனியும் கிடையாது. கேரளாவில் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் என்பவர் தன் கையாலேயே செஞ்சது. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேசவும் வராது. ஏழாம் வகுப்பு வரைதான் படிச்சவர். சின்ன வயசில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து வந்த ஆசையாம். அவர் செஞ்ச, ரெண்டு பேர் உட்காரக்கூடிய விமானத்தை, ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருத்தர் மணிமுத்தாறில் ஓட்டிக் காட்டினார். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-ல்தான். அதனால அது நம்ம மாவட்டத்துலதான் பறந்ததுன்னு பெருமையா சொல்லிக்கலாம்!

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பைக் மெக்கானிக் எல்லாம் சத்தத்தை வச்சே இன்ஜின் கோளாறைச் சொல்லிடுவாங்க. சத்தமே கேட்காத ஒருத்தருக்கு இன்ஜின் நிலைமையை யார் சொல்லுவாங்க? அதிர்வு கொஞ்சம் சொல்லும். மீதி எல்லாம் மீட்டர் முள்தான் சொல்லணும். சரி, அந்த முள்ளே பொய் சொன்னா?

கம்பெனி விமானத்தில் இன்ஜின், சென்ஸார், ஒயர், மீட்டர் எல்லாத்தையும் ஒன்னா வச்சு சோதிச்சுத்தான் வெளியே விடுவாங்க. வீட்டில் செய்றவருக்கு சென்ஸார் ஒரு கம்பெனி, மீட்டர் இன்னொரு கம்பெனி, ஒயர் இழுக்கிறது அவரே. அதனால முள் தப்பா காட்டினா சந்தேகப்பட வேண்டியவங்க நாலு பேர்: இன்ஜின், சென்ஸார், ஒயர், மீட்டர்.

முதல்ல வெப்பநிலை மீட்டரைப் பார்ப்போம். ஆயில் சூட்டை அளக்கிற சென்ஸாருக்குள்ள ஒரு மின்தடை இருக்கும். பெரும்பாலும் சூடு ஏற ஏற அதோட தடை குறையும். இப்போ ஒயர் அறுந்து போச்சுன்னா என்ன ஆகும்? தடை எல்லையில்லாம போயிடும். மீட்டர் "ஆயில் ஜில்லுன்னு இருக்கு"ன்னு காட்டும். அதே ஒயர் தோல் உரிஞ்சு இன்ஜின் உடம்பில் பட்டா தடையே இல்லை. முள் கடைசி வரைக்கும் போய் "கொதிக்குது"ன்னு காட்டும். ரெண்டு தடவையும் இன்ஜின் ஒரு பாவமும் செய்யலை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. முள் எவ்வளவு வேகமா நகருதுன்னு பார்க்கணும். இன்ஜினுக்குள்ள லிட்டர் கணக்கில் ஆயில் இருக்கு. அது 90 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்கு ஒரே நொடியில் ஆறவே முடியாது. அடுப்பில் இருந்து இறக்கின குழம்பே ஆற எவ்வளவு நேரம் ஆகுது! வெப்பநிலை முள் குதிச்சா ஒயரைச் சந்தேகப்படு, மெதுவா ஏறினா இன்ஜினைச் சந்தேகப்படு. ஆர்.பி.எம். மீட்டரும் இப்படித்தான். சுத்திக்கிட்டு இருக்கிற புரொபெல்லர் கண் இமைக்கிறதுக்குள்ள ஆயிரம் சுத்து குறைஞ்சு உடனே கூட முடியாது. முள் அப்படி ஆடினா எங்கேயோ லூஸ் கனெக்ஷன்.

ஆனா ஆயில் பிரஷருக்கு இந்த விதி செல்லாது!! கவனமா படிங்க. சூடு மெதுவாத்தான் மாறும், அழுத்தம் நிஜமாவே ஒரு நொடியில் போயிடும். ஒரு குழாய் வெடிச்சா போதும். சின்ன விமானங்களில் நிறைய பேர் பயன்படுத்துற ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் ஆயில் பிரஷர் சாதாரணமா 2 முதல் 5 பார் வரை இருக்கணும். (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுத்தி இருக்கிற காற்றோட அழுத்தம்.) மெதுவா ஓடும்போதுகூட 0.8-க்குக் கீழே போகக் கூடாது. ஆயில் இல்லாம ஓடினா உள்ளே இரும்பும் இரும்பும் உரசி கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இறுகிடும். அதனால பிரஷர் முள் சரிஞ்சா "சென்ஸார் கோளாறா இருக்கும்"னு வானத்தில் உட்கார்ந்து வாதாடக் கூடாது. இடம் பார்த்து இறங்கிடணும். பிரஷரும் குறைஞ்சு, சூடும் ஏறினா ரெண்டு சாட்சி ஒரே கதையைச் சொல்லுது, அப்புறம் சந்தேகமே இல்லை. பிரஷர் மட்டும் குறைஞ்சு சூடு அப்படியே இருந்தா சென்ஸாரா இருக்க வாய்ப்பு உண்டு, அதையும் தரைக்கு வந்துதான் பார்க்கணும்.

தரையில் எப்படிச் சோதிக்கிறது? இதுக்குப் பெரிய லேப் வேண்டாம். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எல்லா வெப்பநிலை மீட்டரும் வெளிக்காற்றோட சூட்டையே காட்டணும். ராத்திரி பூரா சும்மா நின்ன இன்ஜின்தானே. வெளியே 27 டிகிரி இருக்கும்போது ஒரு முள் மட்டும் 50 காட்டினா திருடன் அங்கேயே மாட்டிக்கிட்டான். அடுத்து, சென்ஸாரைக் கழற்றி (ஒயர் மாட்டினபடியே, சென்ஸார் உடம்புக்குத் தனியா எர்த் ஒயர் கொடுத்து) கொதிக்கிற தண்ணியில் விட்டா 100 டிகிரி காட்டணும். தென்காசியில் இது சரியா வரும். கொடைக்கானலில் செஞ்சா தண்ணி 93-க்குப் பக்கத்திலேயே கொதிச்சிடும், மீட்டர் மேல பழி போடாதீங்க. பிரஷருக்கு, சென்ஸாரைக் கழற்றிட்டு அந்த இடத்தில் பஞ்சர் கடை கம்பிரஸரில் இருக்குமே, அந்த மாதிரி கரண்ட் இல்லாத முள் கேஜை மாட்டி ஓட்டிப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடும்.

அப்புறம் எர்த். இன்ஜின் ரப்பர் புஷ் மேல உட்கார்ந்திருக்கும், ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால இன்ஜினுக்குத் தனியா தடிமனான எர்த் ஒயர் வேணும். லைட் சுவிட்சைப் போட்டதும் எல்லா முள்ளும் சேர்ந்தாப்ல அசைஞ்சா இன்ஜினைத் தொடவே வேண்டாம், எர்த்தைச் சுரண்டி முறுக்கினா போதும். எர்த் லூஸா இருந்தா தடை கூடும், தடை கூடினா நிஜச் சூட்டைவிடக் குறைச்சுக் காட்டும். இந்தப் பொய்தான் ரொம்ப மோசம்னு நான் நினைக்கிறேன். பயமுறுத்துற பொய்யால நாம தரைக்கு வந்திடுவோம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ங்கிற பொய்யை நம்பி மேலேயே இருந்திடுவோம்.

பெரிய விமானத்திலும் இது நடந்திருக்கு. 1982 ஜனவரி 13, அமெரிக்காவில் வாஷிங்டன். பனி கொட்டிக்கிட்டு இருந்தது. ஏர் ஃபுளோரிடா விமானத்தின் இன்ஜின் முன்னாடி இருந்த அழுத்தக் குழாயில் பனிக்கட்டி அடைச்சிடுச்சு. மீட்டர் காட்டினது 2.04, நிஜத்தில் இருந்தது 1.70 அளவுதான். பக்கத்திலேயே இருந்த மற்ற முட்கள் குறைவாத்தான் காட்டிச்சு. துணை விமானிகூட இது சரியில்லைன்னு சொன்னார். ஆனா விமானம் கிளம்பி, பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்துட்டாங்க. 1989 ஜனவரி 8-ல் இங்கிலாந்தில் கெக்வொர்த் ஊர்ப் பக்கம் நடந்தது நேர்மாறு. இடது இன்ஜின் கெட்டிருக்குன்னு அதிர்வு மீட்டர் சரியாத்தான் காட்டிச்சு. பழைய விமானங்களில் அந்த மீட்டரை யாரும் பெரிசா நம்புறது இல்லை, புது விமானத்தில் அது ரொம்பச் சின்னதாவும் இருந்தது. விமானிகள் நல்லா இருந்த வலது இன்ஜினை நிறுத்திட்டாங்க. 47 பேர் இறந்தாங்க.

எங்க அப்பா கிணத்து மோட்டாரைப் போட்டதும் ஸ்டார்ட்டர் பெட்டி ஆம்பியர் முள்ளைப் பார்ப்பாங்க, உடனே திரும்பி பைப்பில் தண்ணி விழுதான்னும் பார்ப்பாங்க. முள் வழக்கத்தைவிடக் குறைவா நின்னா பம்பில் தண்ணி ஏறலைன்னு அர்த்தம். அதுவும் ரெண்டு சாட்சி முறைதான்!

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு விமானத்தில் ரெண்டு சிலிண்டர், ரெண்டு வெப்பநிலை மீட்டர். இடது மீட்டர் 110 காட்டுது, வலது மீட்டர் 60 காட்டுது. மீட்டருக்குப் பின்னாடி வர்ற ஒயர்களை மட்டும் இடம் மாத்தி மாட்டினாங்க. இப்போ இடது மீட்டர் 60, வலது மீட்டர் 110. நாலு பேரில் யாரை விடுதலை பண்ணலாம்? மீதி மூணு பேரில் குற்றவாளியைப் பிடிக்க அடுத்து எதை இடம் மாத்திப் பார்ப்பீங்க? விடையைத் தாளில் எழுதி, பெயர், வகுப்பு போட்டு அறிவியல் டீச்சர் மேசையில் வையுங்க. சரியான விடை எழுதினவங்க பெயர் அடுத்த தாளில் வரும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி